தராசுக் கண்ணாடியில் ஒரு பொட்டு

கிராமச் செவிலியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை கல்வராயன் மலையில். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தால் அந்த ஊர் வரும். மொத்தம் நாற்பது வீடு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் வீடு மலையடிவாரத்தில், வடக்கனந்தலில். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் தெருவில் சீருடைப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதால், லீவில் வீட்டுக்குப் போனால்கூட இரண்டு நாளைக்கு அதைக் கழற்ற மாட்டேன்.

சுகாதார நிலையம் என்பது ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. வாசலில் பெரிய பலாமரம். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைப்பது என் வேலை. எழுதி வைக்க ரெஜிஸ்டர் இருந்தது. தராசுதான் இல்லை. நான் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் சொல்ல முடியும். வைக்கோலுக்கு நடுவில் பளபளவென்று ஒரு வட்ட முகம். வெள்ளைப் பரப்பில் கறுப்பு எண்கள், சிவப்பு முள், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் அதை மாட்டினேன். என் கைப்பையைத் தொங்கவிட்டேன். முள் துடித்து, நடுங்கி, ஓரிடத்தில் நின்றது. பிறகு தண்ணீர்க் குடம், சோற்றுப் பானை, ஒரு பலாக்காய், என் மழைக்கோட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் மாட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத கனத்தை அந்த முள் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அரை நாள் அதிலேயே போயிற்று.

கூடவே நீல நிற நைலான் துணியில் தைத்த ஒரு கால்சட்டை வந்திருந்தது. குழந்தையின் இரண்டு காலையும் அதன் ஓட்டைகளில் விட்டு, மேலே உள்ள வாரைக் கொக்கியில் மாட்ட வேண்டும்.

முதல் எடை நாளன்று ஆறு தாய்மார்கள் வந்தார்கள். மார்கழிக் காலை. பனி இன்னும் கலையவில்லை. முதல் குழந்தையைக் கால்சட்டைக்குள் விட்டதும் நைலானின் சில்லிப்பில் அது வீரிட்டது. கொக்கியில் மாட்டினேன். காலிரண்டும் அந்தரத்தில் உதைத்துக்கொள்ள, தலை ஒரு பக்கம் சாய, குழந்தை ராட்டினம்போலச் சுற்றியது. பயத்தில் மூத்திரம் போய்விட்டது. முள் நான்குக்கும் எட்டுக்கும் நடுவே குதித்து ஒருவழியாக நின்றதும், எடையை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டார்கள்.

வரிசையில் இரண்டாவதாக நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இன்னாக்கா, போறீங்க?”

“வேணாங்க நர்சம்மா.”

“ஊசியெல்லாம் இல்லீங்க. எட மட்டுந்தான் பாக்கறது.”

“அதான் வேணாங்கறேன்.” அவள் நின்று என்னைப் பார்த்தாள். “புளி வாங்க வர்ற யாவாரி இப்பிடித்தான் கொக்கில மாட்டித் தூக்குவான். எம்புள்ள இன்னா மூட்டயா?”

மலையில் கோபம் வந்தால் முதலில் போவது ‘ங்க’தான். அவள் கடைசி வாக்கியத்தில் அது இல்லை.

புளிக்கும் கடுக்காய்க்கும் ஏறி வருகிற வியாபாரிகளின் தராசை நானும் பார்த்திருக்கிறேன். அச்சு அசலாக இதே வட்ட முகம், இதே கொக்கி. முகம் எப்போதும் வியாபாரியின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் எட்டிப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். எதிரில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த அந்தப் பொருள், அவர்களுக்கு முன்பே பழக்கமான ஆள். அந்தப் பழக்கம் நல்லதாக இருக்கவில்லை.

அடுத்த மாதம் ஒருவர்கூட வரவில்லை. வீடு வீடாகப் போனேன். பிள்ளை தூங்குகிறது என்றார்கள். கொல்லைக்குப் போயிருக்கிறது என்றார்கள், நடக்கக்கூடத் தெரியாத பிள்ளையை. மாதக் கடைசியில் ரெஜிஸ்டரைக் கரியாலூருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என்ன செய்வது? கண்ணில் பட்ட குழந்தைகளைத் தூக்கிப் பார்த்து, கைக்குத் தோன்றியதை எழுதினேன். தூக்காத குழந்தைகளுக்கும் எழுதினேன். எல்லாக் குழந்தைகளும் மாதம் கால் கிலோ ஏறியதாக என் ரெஜிஸ்டர் சொன்னது. இரண்டு மாதம் இப்படி நடந்தது. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

மூன்றாவது மாதம், மூட்டையா என்று கேட்டவளின் பெண் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உத்திரத்தில் ஏணை கட்டியிருந்தது. புடவையில் கட்டிய ஏணைதான். துணி மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கட்டை, கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. குழந்தை உள்ளே தூங்கியது. அவள் கால் பெருவிரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கிழங்கு உரித்தபடியே ஆட்டினாள். அவள் கணவன் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன். குழந்தை எழுந்தால் ஊசி போடலாம் என்று காத்திருந்தேன். சும்மா மேலே பார்த்தபோதுதான் கவனித்தேன். அந்த ஏணையும் ஓர் இரும்புக் கொக்கியில்தான் தொங்கியது.

“அக்கா, இந்த ஏணையவே தராசுல மாட்டுனா இன்னா?”

அவள் சிரித்தாள். “ஏணையவா? நல்லாருக்குதே கத.”

வாசலிலிருந்து கணவன் தலையைத் திருப்பினான். “மாட்டித்தான் பாப்பமே. கொக்கி ரெண்டும் ஒண்ணுதான?”

அவனே என்னுடன் வந்து தராசைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். உத்திரத்தில் தராசு, தராசில் ஏணை, ஏணைக்குள் விழித்துக்கொண்ட குழந்தை. புடவை நீளமாக இருந்ததால் குழந்தையின் முதுகு தரையைத் தொட்டது. மடித்துக் கட்டினோம். துணி இரண்டு பக்கமும் சேர்ந்து குழந்தையின் முகத்தை மூடியது. கட்டையை வைத்து விரித்தோம். கட்டை கனமாக இருந்ததால் குழந்தையை வைப்பதற்கு முன்பே முள் இரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. எல்லாமே தப்பாகப் போயிற்று. ஆனால் குழந்தை அழவில்லை. மேலே ஆடுகிற சிவப்பு முள்ளைப் பார்த்துக் கையை நீட்டியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். பெட்டியைத் திறந்து ஒரு பழைய புடவையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பல தடவை துவைத்து நிறம் போய், தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. “இதுல எதுனா தச்சிக்கினு வா. நைலானு மட்டும் வேணாம்.”

சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். கடைவீதியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையல் கடை. தையல்காரப் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் பேர்போனவர். நான் நீலக் கால்சட்டையையும் புடவையையும் மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கால்சட்டையை எடுத்து உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாமா இது, கொழந்தயத் தூக்கிப் பாக்காத ஆளு தச்ச மாதிரி கீது.”

“அப்பிடிச் சொல்லாதீங்க பாய். கொழந்த நழுவி வுழக்கூடாதுன்னுதான் காலுக்கு ஓட்ட வச்சிருக்காங்க.”

அவர் கால் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “அதுவும் நெயாயந்தான். அப்போ நாம வுழாமயும் தைக்கணும், அழாமயும் தைக்கணும்.”

புடவையை இரண்டாக மடித்து, படகு மாதிரி ஒரு ஆழமான தூளி வெட்டினார். பக்கங்களை உயர்த்தினார். குழந்தை புரண்டாலும் விழாதபடி இரண்டு ஓரத்திலும் நாடா வைத்தார். மிஷினில் ஓட்டி முடித்ததும் நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தைத்ததையெல்லாம் பிரித்தார்.

“எதுக்கு பாய்? நல்லாத்தான இருக்குது?”

“தையல் உள்பக்கம் வருதும்மா. கொழந்த தோல்ல கோடு வுழும். வெளிப்பக்கம் வரட்டும், பாக்கறதுக்குக் கொஞ்சம் அசிங்கமா இருந்தா இருக்கட்டும்.”

மறுபடி தைத்தார். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு சிப்பம் அரிசியை வாங்கி வந்து, தூளியில் போட்டு, கடை ஷட்டரின் கொக்கியில் தொங்கவிட்டார். தாங்கியது. மெதுவாக ஆட்டிப் பார்த்தார். எதிர்க் கடைக்காரர் சத்தமாகச் சொன்னார்: “இன்னா பாய், அரிசியத் தூங்க வெக்கிறியா?” சந்தே சிரித்தது. பாய் சிரிக்காமல் குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையேறியபோது அவள் கணவன் கொய்யாக் கொம்பில் விரல் பருமனுக்கு ஒரு கட்டை செதுக்கி வைத்திருந்தான். இரண்டு முனையிலும் நாடா நழுவாமல் இருக்கச் சின்னதாக வெட்டு விட்டு, கண்ணாடிச் சில்லால் இழைத்திருந்தான். எடை இருக்கிறதா என்றே தெரியவில்லை. தராசின் தலையில் ஒரு திருகு உண்டு. தூளியையும் கட்டையையும் மாட்டிவிட்டு, திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன்.

எடை நாளன்று அவள்தான் முதலில் வந்தாள். தன் புடவை என்பதால் வந்தாள் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். குழந்தையை அவளே தூளியில் படுக்க வைத்தாள். அது பலா இலைகளைப் பார்த்தபடி கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டது. முள் இரண்டு தடவை அசைந்து நின்றது. ஆறு கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

போன மாதம் அந்தக் குழந்தைக்கு நான் ரெஜிஸ்டரில் எழுதியது ஏழரை.

அவளைப் பார்த்தேன். மழுப்பியிருக்கலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த நினைப்பே என்னைச் சொல்ல வைத்தது.

“அக்கா, போன மாசம் நான் எட பாக்காமயே எழுதிட்டேன். பொய்யி. ஏழரைன்னு எழுதிக்கீறேன். கொழந்த அவ்ளோ இல்ல. ரொம்பக் கம்மி.”

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். “இப்ப நெசத்த எழுது,” என்றாள். உடனே சேர்த்துக்கொண்டாள்: “ஆனா சத்தமா சொல்லாத. கண்ணு பட்டுடும்.”

அது எனக்குத் தோன்றாத விஷயம். நான் முதல் நாளே ஊர் முன்னால் உரக்க எடையைச் சொல்லியிருந்தேன். அவர்கள் விலகி நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. சரி, சத்தமாகச் சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. குழந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கை தானாகப் போயிற்று. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முள் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் ஒட்டினேன்.

“இதப் பாருக்கா. அடுத்த மாசம் முள்ளு இந்தப் பொட்டத் தாண்டணும். தாண்டுனா கொழந்த நல்லா கீதுன்னு அர்த்தம்.”

தராசை அவள் பக்கமாகத் திருப்பினேன். தள்ளி நின்ற பெண்கள் எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள். “எங்க, எங்க?” என்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அன்று ஒன்பது குழந்தைகளை எடை பார்த்தேன்.

கண்ணாடி ஒன்றுதானே, குழந்தைகள் பலர். அதனால் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் அந்தக் குழந்தை தூளியில் ஏறுவதற்கு முன் பழைய எடையில் பொட்டை ஒட்டுவேன். பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்போம். தாண்டியதும் ஒரு சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்புக்காகவே நான் எடை நாளுக்குக் காத்திருந்தேன்.

என் நெற்றிப் பொட்டு அட்டை இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. தாய்மார்களே சந்தையில் வளையல்காரரிடம் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தன் பிள்ளைக்குச் சிவப்புதான் ராசி என்பாள் ஒருத்தி. கண் படாமல் இருக்கக் கறுப்பு வேண்டும் என்பாள் இன்னொருத்தி. ஒருத்தி பாம்பு மாதிரி வளைந்த நீளப் பொட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதைத்தான் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். “இதுல தலையத் தாண்டணுமா, வாலத் தாண்டணுமா?” என்று மற்றவர்கள் கேட்க, பெரிய பஞ்சாயத்தாகி, கடைசியில் வட்டப் பொட்டு மட்டும்தான் செல்லும் என்று முடிவாயிற்று. அந்தப் பாம்புப் பொட்டு தராசின் ஓரத்தில் அலங்காரமாக நின்றது.

மேலதிகாரியாகப் பார்வையிட வந்த அம்மா கண்டிப்பானவர். தராசைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். “இன்னாம்மா, கவருமெண்டு சாமானுக்குப் பொட்டு வச்சி அழகு பாக்கறீங்களா?”

நான் விளக்கப் போனேன். அதற்குள் ஒரு தாய் வந்துவிட்டாள். அவள் தானே தூளியை விரித்து, பிள்ளையை வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, “தாண்டிடுச்சிங்க” என்று அந்த அம்மாவிடமே சொன்னாள். வரிசையில் இருபது பேருக்குமேல் நின்றார்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் குழந்தைவரை பார்த்தார். போகும்போது தூளியின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதத் தச்ச டெய்லரு எங்க இருக்காரு?” என்று கேட்டு, சந்தின் அடையாளத்தை எழுதிக்கொண்டார்.

கனம் குறைவாக இருந்த அந்தப் பெண் குழந்தை மட்டும் தேறவில்லை. சத்துமாவு கொடுத்தேன். கஞ்சியில் எண்ணெய் விடச் சொன்னேன். ஒரு மாதம் முள் பொட்டை மயிரிழையில் தாண்டியது. அடுத்த மாதம் சரியாகப் பொட்டின்மேலேயே நின்றது. அதற்கடுத்த மாதம் நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் தாயின் குரல் கேட்டது.

“நர்சம்மா, முள்ளு வர்ல.”

நிமிர்ந்து பார்த்தேன். பொட்டுக்கு இந்தப் பக்கம் முள் நின்றிருந்தது. அவள் திருகைத் தொட்டுக் காட்டி, “இது எதுனா நவுந்துருக்குமா?” என்று கேட்டாள். குழந்தையை எடுத்துவிட்டு முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று இருவரும் பார்த்தோம். வந்தது. மறுபடி வைத்தோம். அதே இடம்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அதற்கு முன் நான் நான்கு முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் மறுத்திருந்தாள். அவள் நாத்தனார் ஒருத்தி பிரசவத்துக்குக் கீழே போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்கு இறங்கியதில்லை. இந்த முறை நான் எதுவும் சொல்வதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாளோ என்று நினைத்தேன். அரை மணியில் திரும்பி வந்தாள். குழந்தையைப் போர்வையில் சுற்றியிருந்தாள். தோளில் துணிப்பை. பின்னால் கணவன், சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான்.

“பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்டாள். “நீயும் வரணும். வழி தெரியாது எனுக்கு.”

வரிசையில் நின்றவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று தாங்களாகவே கலைந்துபோனார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நோட்டை வாங்கி மாத எடைகளைப் பார்த்தார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார். குழந்தைகளுக்கு வருகிற காசநோய். “சரியா மருந்து குடுத்தா ஆறு மாசத்துல குணமாயிடும். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சி வந்திருந்தா கஷ்டம்,” என்று அவர் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்தாள். “குணமாயிடும்னாரா? நெசமாவா?” என்று வெளியே வந்து இரண்டு முறை கேட்டாள்.

ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மருந்து கொடுத்தாள். மருந்துப் புட்டியின் மூடியில் அளவுக்கோடு இருந்தது. ஆனால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு. கூரை வீட்டு வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, அவள் கணவன் கோட்டை ஊசியால் ஆழமாகக் கீறி அதில் அடுப்புக்கரியைத் தேய்த்து வைத்திருந்தான். கோடு பளிச்சென்று கறுப்பாகத் தெரிந்தது. நான் மூடியை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் கூச்சத்தோடு, “கம்மி ஜாஸ்தி ஆயிடக் கூடாதில்ல,” என்றான்.

முதல் மாதமே முள் பொட்டைத் தாண்டியது. அடுத்த மாதம் நன்றாகத் தாண்டியது. ஐந்தாவது மாதம் அந்தக் குழந்தை தூளியில் படுக்க மறுத்து உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் இருந்த பொட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தது. எல்லோரும் கத்திக்கொண்டு அதன் வாயைப் பிடித்தோம்.

மருந்து முடிந்ததும் கடைசியாக ஒருமுறை காட்ட வேண்டும் என்று மறுபடி கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “இனிமே மருந்து வேணாம்,” என்றார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் ஆளுயரத்துக்கு எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் விளக்குகள் ஓடிப் பிடித்து விளையாடின. நடுவில் ஒரு சக்கரம்.

“அது இன்னா?”

“எட பாக்கற மிசினு. பெரியவங்களுக்கு.”

“பெரியவங்களுக்கா?” குழந்தையை என் கையில் கொடுத்தாள். “எனுக்கு இத்தினி வயசுல யாரும் எட பாத்தது கெடையாது.”

மிஷின் முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டாள். கழற்ற வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. தட்டின்மேல் ஏறியதும் சக்கரம் சுழன்றது. விளக்குகள் வேகமாக ஓடின. அவள் முகத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி விழுந்தன. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நேராக நின்றாள். சக்கரம் நின்றதும் காசு போட்டேன். டொக்கென்று ஒரு அட்டைச் சீட்டு விழுந்தது. ஒரு பக்கம் எடை, நாற்பத்தொரு கிலோ. மறுபக்கம் ஒரு வரி பலன்.

“இன்னா எழுதிக்கீது?”

“நீங்கள் பொறுமைசாலி, நினைத்தது நடக்கும்னு போட்டுருக்குது.”

அவள் மிஷினைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். “எப்பிடி தெரிஞ்சிது அதுக்கு?”

அடுத்து நான் ஏறினேன். அவள் கணவன் இதெல்லாம் வேண்டாத வேலை என்று சொல்லிக்கொண்டே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். அவன் சீட்டில் வெளியூர்ப் பயணத்தால் நன்மை உண்டு என்று இருந்தது. “அதான் கள்ளக்குறிச்சிக்கு வந்தாச்சே,” என்றான். டீக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, ஊசி மருந்து வாங்க நான் கரியாலூருக்கு வந்தபோது, பஸ் நிறுத்தத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் தடவி, பூ வைத்து, சந்தைக்குப் போகிற மூட்டை எதுவுமில்லாமல் வெறுங்கையோடு. யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். கண்டக்டருக்கும் அதே சந்தேகம்.

“எல்லாம் எங்க கெளம்பிட்டீங்க?”

“எட பாக்கறதுக்கு,” என்று முன்னால் நின்றவள் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

நான் போகவில்லை, வேலை இருந்தது. சாயங்காலம் பதினோரு பேரும் நேராகச் சுகாதார நிலையத்துக்கு வந்து, பலாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். பதினோரு சீட்டையும் நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தேன். எடையை அவரவர் காதில் மட்டும் சொன்னேன், பலனை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருத்திக்கு விரைவில் திருமணம் என்று வந்திருந்தது. அவளுக்கு நான்கு பிள்ளைகள். “அவருகிட்ட சொல்லாதீங்க நர்சம்மா, பயந்துடுவாரு,” என்று அவள் சொல்ல, சிரித்து அடங்க வெகுநேரம் பிடித்தது.